கோணிப்பை மாட்டிய வீடு

கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போவதற்கு நான் தமிழ்நாட்டில் மூன்று வேளை சாப்பிட வேண்டியிருந்தது. பாலக்காட்டு எல்லையில் கிடக்கும் எருத்தேன்பதிக்காரனுக்கு இதொன்றும் அதிசயமில்லை. எங்களுக்குத் தாலுகா ஆபீஸ் சித்தூரில், சந்தை பொள்ளாச்சியில், சொந்தபந்தம் இரண்டு பக்கமும். ஆனாலும் இடுக்கி ஜில்லாவில் ஆனைக்கரைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிற மாப்பிள்ளைக்கு மகளைக் கொடுத்த பிறகுதான், இந்த எல்லை எவ்வளவு வளைந்து நெளிந்து போகிறது என்பது என் இடுப்புக்குத் தெரிந்தது.

எழுபதுகளின் நடுவில் நடந்த கதை இது. என் மச்சினன், அதாவது என் மனைவி ருக்மணியின் தம்பி, ஏலக்காய் வாங்கக் குமுளிப் பக்கம் போனவன் எங்கள் மகள் வசந்தி வீட்டில் ஒரு காபி குடித்துவிட்டு வந்தான். ஊர் திரும்பியதும் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக எங்களிடம்தான் வந்தான்.

"அக்கா, மனசை உட்ராதே. புள்ளை ஊட்ல உக்கார ஒரு நாற்காலி இல்லை. செவுத்துல சாக்கைக் கட்டித் தொங்க உட்ருக்குது. இன்னொரு செவுரு சாணி கலர்ல இருக்குது. நாம சீரு குடுத்தமே, அந்தக் கட்டிலைக் காணோம்."

ருக்மணி அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அது ஈட்டி மரக் கட்டில். தலைமாட்டில் மயில் செதுக்கியது. பொள்ளாச்சியில் செய்து லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தோம். "வித்துக் குடிச்சுப்போட்டாரு மாப்பிள்ளை. மொகத்தைப் பாத்தப்பவே எனக்குத் தெரியும்" என்று ஆரம்பித்தவள் அரை மணி நேரம் அந்த மனுசனைக் கரித்துக் கொட்டினாள்.

"அப்புடியும் முடிவு கட்ட முடியாதக்கா. படிச்சவிங்க ஊட்ல இப்ப இதையே நாகரிகம்னு சொல்லிக்கறாங்களாமா" என்றான் மச்சினன்.

ருக்மணி என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, நீங்க போயி உங்க கண்ணால பாருங்க. இல்லாமைன்னா புள்ளையைக் கையோட கூட்டிட்டு வந்துருங்க. நாகரிகம்னா அங்கியே உட்டுட்டு வாங்க."

இதைக் கண்டுபிடிக்க என்னைவிடத் தோதான ஆள் இல்லை என்றுதான் நினைத்தேன். நாகரிகம் எனக்குத் தெரியாததா? அந்த வருசம்தான் வீட்டைப் புதுப்பித்திருந்தேன். தரைக்குக் கறுப்பும் சிவப்பும் சில்லு போட்டு மொசைக். சுவரில் இடுப்பளவுக்குப் பச்சை ஆயில் பெயிண்ட், அதற்கு மேல் ரோஸ் டிஸ்டம்பர். அந்த ரோஸின் மேல், கோயமுத்தூரிலிருந்து ஆள் வந்து ரப்பர் உருளையை உருட்டி வரிசையாக வெள்ளிப் பூ போட்டுக் கொடுத்தான். பார்க்கவென்றே பக்கத்து ஊர்களிலிருந்து வந்தார்கள். ஒருவர் எங்கள் ஹாலில் செருப்போடு நிற்கலாமா என்று கேட்டார்.

புறப்படும்போது ருக்மணி ஒரு சாக்கு நிறைய எங்கள் வயல் அரிசியைக் கட்டிக் கொடுத்தாள். முதல் பஸ்ஸில் அதைக் கூரைமேல் போட்டார்கள். இரண்டாவது பஸ்ஸில் காலடியில். பழனி தாண்டியதும் டயர் பஞ்சராகி, ஒரு புளியமரத்தடியில் எல்லாரும் இறங்கி நின்றோம். கண்டக்டர் ஸ்டெப்னியும் பஞ்சர்தான் என்பதை ரொம்ப நிதானமாகச் சொன்னார். பக்கத்தில் ஒரு அம்மாள் விற்ற கம்பங்கூழும் மோர் மிளகாயும் தேவாமிர்தமாக இருந்தது. எங்கள் ஊர்க் கூழைவிடக் கொஞ்சம் புளிப்பு தூக்கல். ருக்மணியிடம் இதைச் சொல்லவே கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

மறுநாள் மலை ஏறியதும் செக்போஸ்ட். தமிழ்நாட்டு அரிசி கேரளத்துக்குள் போகக் கூடாதென்று கட்டுப்பாடு இருந்த காலம். சாக்கைத் தட்டிப் பார்த்த அதிகாரி இது எந்த ஊர் அரிசி என்று கேட்டார்.

"கேரளத்து அரிசிங்க. பாலக்காடு ஜில்லா" என்றேன்.

"கேரளத்து அரிசி தமிழ்நாட்டிலிருந்து எப்படி வரும்?"

"பஸ்ஸுலதானுங்க."

அவர் சிரிக்கவில்லை. நான் ரேஷன் கார்டைக் காட்டினேன், வரைபடம் போல மண்ணில் குச்சியால் கோடு போட்டும் காட்டினேன். பின்னால் ஒரு லாரிக்காரர் தன் கிளீனரிடம் மலையாளத்தில் சொன்னது என் காதில் விழுந்தது: "இவர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். பொய்யென்றால் இதைவிட நன்றாகச் சொல்லியிருப்பார்." கடைசியில் சட்டப்படி அரிசியை எடுத்துக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். சாக்கு உங்களுடையது என்று சாக்கை மட்டும் மடித்து என் கையில் கொடுத்தார்கள்.

அங்கிருந்து ஜீப். அதில் ஆளை ஏற்றுவதற்கு அளவே கிடையாது. என் மடியில் யாரோ ஒருவருடைய வாழைத்தார், என் தோளில் இன்னொருவருடைய தூக்கம். டிரைவர் ஒரு காலை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு ஓட்டினார். வளைவுகளில் எல்லாரும் ஒன்றாகச் சாய்ந்தோம். நடுவில் நிறுத்திய கடையில் மரவள்ளிக் கிழங்கும் மீன் குழம்பும் கட்டன் சாயாவும். எங்கள் பக்கம் டீ என்றால் பாலில்தான் தொடங்கும். இங்கே பாலை மறந்துவிட்டார்களோ என்று கேட்கப்போய், கடைக்காரர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

மகள் வீட்டு வாசலில் மாப்பிள்ளை பழனிசாமிதான் முதலில் வந்தார். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அவருக்குக் கணக்கர் வேலை. "வாங்க மாமா" என்று பையை வாங்கிக்கொண்டார். வாயருகே மோந்து பார்க்கிற தூரத்துக்குப் போய் அவரைக் கட்டிப்பிடித்தேன். ஏலக்காய்ப் புகை வாசம்தான் வந்தது. வசந்தி ஓடி வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், ஆனால் முகத்தில் களை குறையவில்லை. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

உள்ளே போனேன். மச்சினன் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்துத்தான் சொல்லியிருந்தான். உள்ளே நுழைந்ததும் எதிரே தெரிகிற சுவர் செம்மண்ணும் சாணியும் கலந்த மாதிரி ஒரு நிறம். மற்ற சுவர்கள் பாலாடை நிறம். மேற்குச் சுவரை முழுக்க மூடிக் கோணிச் சாக்கு, இழுத்துக் கட்டி ஆணி அடித்தது. தரையில் தேங்காய் நார்ப் பாய், அதன்மேல் பெரிய பெரிய ஆரஞ்சு வட்டம் போட்ட துணியில் மெத்தைகள். கோழி கவிழ்க்கும் கூடைக்குள் பல்பு எரிந்தது. கதவில் மாட்டுக் கழுத்து மணி. எங்கள் கட்டுத்தரையில் இருக்கிற சாமான் எல்லாம் மகள் வீட்டு ஹாலில் இருந்தது. மாடு ஒன்றுதான் குறை.

"எப்புடீங்கப்பா இருக்குது?" என்றாள் வசந்தி.

"நல்லா... காத்தோட்டமா இருக்குது கண்ணு" என்றேன். உட்கார இடம் தேடி நின்றேன். மாப்பிள்ளை மெத்தையைக் காட்டினார். உட்கார்ந்துவிட்டேன், எழுந்திருக்கத்தான் இரண்டு பேர் வேண்டியிருந்தது.

அரிசி போன கதையைச் சொல்லி, வெறும் சாக்கை நீட்டினேன். என் மகள் அரிசிக்காக ஒரு வார்த்தை வருத்தப்படவில்லை. சாக்கை விரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். அதில் நீல மையில் ஒரு காளை மாடும் மில்லின் முத்திரையும் இருந்தன. "ஏனுங்க, இங்க வந்து பாருங்க! நெசவு எவ்வளவு முரடா இருக்குது! இந்த மாடு நடுவுல வர்ற மாதிரி வெச்சா!" என்று புருசனைக் கூப்பிட்டாள். அவரும் வந்து சாக்கைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குள் சமையலறை ஜன்னலுக்கு அது திரையாகிவிட்டது.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டு யோசித்தேன். இல்லாத வீடென்றால் அரிசிக்கல்லவா அழுதிருப்பாள்? அப்படியானால் நாகரிகம். ஆனால் கட்டில் எங்கே? "கட்டில் எங்க கண்ணு?" என்று கேட்டேவிட்டேன். "இங்க அது இடத்தை அடைக்குதுங்கப்பா. ஒரு எடத்துல இருக்குது" என்றாள். மாப்பிள்ளை ரசத்தை எடுக்க உள்ளே போனார். ரசம் என் பக்கத்திலேயே இருந்தது.

மறுநாள் காலையில் பக்கத்து குவார்ட்டர்ஸ் பேச்சியம்மாள் வந்தாள். ஜீப் டிரைவரின் மனைவி, கம்பத்துக்காரி. "வசந்தி அப்பாவா? வாங்கய்யா, எங்க வீட்டையும் வந்து பாத்துட்டுப் போங்க. நானும் சாக்கு மாட்டிருக்கேன். எங்க வீட்டுக்காரரு மொதல்ல உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குன்னு கேட்டாரு. பங்களாவுல மாட்டுனப்பெறகுதான் வாய மூடுனாரு" என்றாள். போய்ப் பார்த்தேன். சாக்கு இருந்தது, அதன் நடுவில் சாமி காலண்டரும் இருந்தது.

பங்களாவிலுமா? மத்தியானத்துக்கு மேல் மாப்பிள்ளை என்னை அங்கே கூட்டிப் போனார். தோட்டத்துச் சூப்பிரண்டின் மனைவி எங்களை வரவேற்றார். கோட்டயம் பக்கத்தவர், அளவாகப் பேசுகிற அம்மாள். ஹாலில் ஒரு பக்கத்துச் சுவர் பூசாமல் வெறும் செங்கல்லாக நின்றது. கூரைப் பலகைக்கு வார்னிஷ் இல்லை. சோபா உறை, சாயம் போடாத கைத்தறி. எனக்கு மனசு கேட்கவில்லை. கட்டிக்கொண்டிருக்கும்போதே சிமென்ட் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது, பாவம்.

"சிமென்ட் கிடைக்கலீங்களா அம்மா? சிமென்ட் பாக்டரி எங்களுக்குப் பக்கந்தான். பெர்மிட்டுக்கு எழுதிப்போட ஆளு தெரியும்" என்றேன்.

மாப்பிள்ளைக்கு இருமல் வந்துவிட்டது. அந்த அம்மாள் சிரித்து முடித்து மலையாளத்தில் பதில் சொன்னார். எங்களூர்க்காரனுக்கு மலையாளம் புரியும். தமிழில் சொன்னால் இப்படி: "பூசியிருந்த சுவரைத்தான் ஆள் வைத்துக் கொத்தி எடுத்தோம். இப்போது கொச்சியில் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள். சுவர் என்றால் கைக்குத் தட்டுப்பட வேண்டும்."

பூசிய சுவரைக் காசு கொடுத்துக் கொத்தினார்களாம்! சூப்பிரண்டு வீட்டில் இல்லாமை இருக்க வழியில்லை. ஆக, நாகரிகம் என்று முடிவாகிவிட்டது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவர் கொடுத்த ஏலக்காய் டீயையும் பிளம் கேக்கையும் நிம்மதியாகச் சாப்பிட்டேன். சாக்கு தொங்கும் சுவரைக் காட்டி, இதைக் கொச்சியில் பார்த்தீர்களா என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டு வைத்தேன்.

"இல்லையே, இது உங்கள் மகளைப் பார்த்துச் செய்தது. அவள் காய்ச்சலில் கிடந்தபோது பார்க்கப் போயிருந்தேன். அந்தச் சாக்குதான் முதலில் கண்ணில் பட்டது. இப்போது தேக்கடியில் எங்கள் சொந்தக்காரர் கட்டுகிற விடுதி அறைகளையும் அவள்தான் ஒழுங்குபண்ணப் போகிறாள். சொல்லவில்லையா?"

விடுதி விஷயத்தையும் சொல்லவில்லை, காய்ச்சல் விஷயத்தையும் சொல்லவில்லை. மாப்பிள்ளை தன் டீ கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியெல்லாம் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன குரலில் கேட்பேன் என்று எனக்கே பயமாக இருந்தது. எங்கள் பிள்ளை காய்ச்சலில் கிடந்திருக்கிறாள், எங்களுக்கு ஒரு கடுதாசி இல்லை. கட்டிலை விற்று இந்த மனுசன் என்ன செய்தார்? ருக்மணி சொன்னதுதான் சரியோ? மகளைக் கூட்டிக்கொண்டு மறுநாளே கிளம்பிவிடுவது என்று நினைத்துக்கொண்டேன். பேச்சியம்மாள் வாசலைக் கடக்கும்போது, விடுதி வேலையை விட்டுவிட்டு வசந்தி வருவாளா என்ற சந்தேகமும் வந்தது.

காலையில் மாப்பிள்ளை ஸ்டோருக்குப் போனதும், தோசை சுட்டுக்கொண்டிருந்த வசந்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கண்ணு, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லோணும். இந்த ஊட்ல இருக்கறது இல்லாமையா, நாகரிகமா?"

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். "மொதல்ல இல்லாமைதானுங்கப்பா. அப்புறந்தான் நாகரிகமாச்சு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மழை தொடங்கின மாசத்தில் அவளுக்கு விஷக்காய்ச்சல். அந்த வருசம் தோட்டத்தில் சம்பளம் இழுத்துக்கொண்டு கிடந்தது. டாக்டர் மலைக்குக் கீழேயிருந்து வர வேண்டும், ஜீப்புக்குக் காசு வேண்டும், மருந்துக்கு வேண்டும், பாலுக்கு வேண்டும். "கட்டிலை வித்துரலாம்னு நாந்தான் சொன்னேன். அவரு மாட்டேன்னுட்டாரு. உங்க அப்பா அம்மா என்ன நெனைப்பாங்கன்னு அழுதாரு. அப்புறம் ஒரு நாளு எனக்கு நெனப்பே தப்பிப் போச்சு. அன்னைக்குத்தான் வித்தாரு. அதோட நாற்காலியும்."

கட்டில் போனதும் தரையில் படுக்கை. மேற்குச் சுவரில் தண்ணீர் வழிந்து அவள்மேல் சாரல் தெறித்திருக்கிறது. மாப்பிள்ளை ஸ்டோரிலிருந்து பழைய சாக்குகளைக் கேட்டு வாங்கி, பிரித்துத் தைத்து, அந்தச் சுவரில் ஆணி அடித்திருக்கிறார். "ஊசி புடிக்கத் தெரியாதுங்கப்பா அவருக்கு. வெரலெல்லாம் ஓட்டை."

"எங்களுக்கு ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?"

"எழுதியிருந்தா அம்மா வந்து கூட்டிட்டுப் போயிருப்பாங்க. அவர எல்லாரு முன்னாலயும் ஒரு மாதிரி பேசியிருப்பாங்க. அந்தக் கோலத்துல உட்டுட்டு வர எனக்கு மனசு வல்லீங்க." தோசையை என் தட்டில் போட்டாள். "படுத்துக்கிட்டு செவுத்தையேதான் பாத்துட்டிருந்தேன். பாசி புடிச்ச செவுரு. எந்திரிச்சா எதுக்கு என்ன கலர் அடிக்கறதுன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். தேறினதும் காவிக்கல்லை இடிச்சு, டிஸ்டம்பர்ல கலந்து நானே அடிச்சேன். சாக்கைக் கழட்டறேன்னாரு அவரு. வேண்டாம், அது நல்லாருக்குதுன்னுட்டேன். நெசமாலுமே நல்லாருக்குதுங்கப்பா. நம்ம ஊட்டு வெள்ளிப் பூவைப் பாத்தா எனக்குத் தலை சுத்தும்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. வெள்ளிப் பூவுக்காக என்று அவள் நினைத்திருக்கலாம். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

"வந்துடறயா கண்ணு, கொஞ்ச நாளைக்கு?" என்று கேட்டேன். சொல்லி அனுப்பியதைக் கேட்டாக வேண்டுமே.

"எதுக்குங்கப்பா? இப்பத்தானே எல்லாம் நேராயிருக்குது." அடுத்த தோசைக்கு மாவை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "அம்மாகிட்ட நாகரிகம்னே சொல்லிருங்க. காய்ச்சலைச் சொல்லாதீங்க. பொய் இல்லியே?"

பொய் இல்லைதான். முழு உண்மையும் இல்லை. கிளம்பும்போது மாப்பிள்ளை ஜீப் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கட்டிலைப் பற்றிச் சொல்லவென்று இரண்டு முறை வாயைத் திறந்தார். "எல்லாம் தெரியும் மாப்பிள்ளை" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஜீப் டிரைவர் ஹாரன் அடித்து எங்களைக் காப்பாற்றினார்.

வரும்போது எந்த பஸ்ஸும் பஞ்சராகவில்லை. செக்போஸ்டில் என்னிடம் எடுக்க ஒன்றுமில்லை. வழியெல்லாம் ருக்மணியிடம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன். அவளிடம் நான் சொன்ன பொய் எதுவும் இதுவரை அரை நாள் தாங்கியதில்லை.

கால் கழுவுவதற்குள் கேட்டாள்: "எதுங்க?"

"நாகரிகம்தான்" என்றேன். கொச்சியில் இதுதான் நடக்கிறதென்று சொன்னேன். சூப்பிரண்டு வீட்டில் பூச்சைக் கொத்தி எடுத்ததைச் சொன்னேன், சிமென்ட் தருகிறேன் என்று நான் அசடு வழிந்ததைச் சொன்னேன். அங்கேயும் சாக்கு, பேச்சியம்மாள் வீட்டிலும் சாக்கு. விடுதி வேலையைச் சொன்னேன். எல்லாம் சத்தியம். அவள் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். தப்பித்தேன் என்று துண்டை எடுத்து முகம் துடைத்தேன்.

"புள்ளை ஊட்ல சாக்கு எந்தச் செவுத்துலீங்க அடிச்சிருக்குது?"

"மேக்குச் செவுத்துல."

"மேக்கயா." சொம்பைக் கீழே வைத்தாள். "ஈனின மாட்டுக்கும் சீக்குல கெடக்கற மாட்டுக்கும் நாம அந்தப் பக்கந்தானுங்க சாக்குக் கட்டுவோம், சாரலுக்கு. யாருக்குங்க முடியாமக் கெடந்துச்சு?"

மனப்பாடம் செய்ததில் இந்தக் கேள்வி இல்லை. "இப்ப நல்லாருக்கறா" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். கையைத் தள்ளிவிட்டாள்.

"சாக்கு யாரு கட்டுனது?"

"மாப்பிள்ளை. அவரே தெச்சுக் கட்டினாரு. வெரலெல்லாம் குத்திக்கிட்டு."

உள்ளே போனாள். ட்ரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. வெளியே வரும்போது கையில் பையும், நெய்த் தூக்குவாளியும், மடித்த புது வேட்டியும் இருந்தன.

"நாளைக்கு மொதல் பஸ் எப்பங்க?"

"கூட்டிட்டு வரப் போறியா?"

"அவளை எதுக்குங்க கூட்டிட்டு வரோணும்?" என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மாப்பிள்ளைக்கு என்ற கையால ஒரு வேளைச் சோறு போட்டுட்டு வாரனுங்க."